கோடைப் பள்ளியும் குடும்பமும்: கள மொழியியல் உருவான ஒரு மறைப்பணிப் பயிற்சிக் களம்

தமிழகத்தில் மொழியியலைப் பாடமாகப் பயின்றோர் கென்னத் பைக், யூஜின் நைடா, எச். ஏ. கிளீசன் ஆகிய பெயர்களைக் கடந்தே வந்திருப்பர். ஒலியனைக் கண்டறிதல், உருபனைப் பகுத்தல், தகவலாளியிடமிருந்து தரவு திரட்டுதல் முதலிய பயிற்சிகள் பெருமளவு இவர்களின் நூல்கள் வழியே இங்குள்ள வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தன. நைடாவின் 'உருபனியல்' 1946-இலும், பைக்கின் 'ஒலியனியல்' 1947-இலும், கிளீசனின் 'விளக்க மொழியியல் அறிமுகம்' 1955-இலும் வெளிவந்தன. இம்மூன்றும் அமெரிக்க அமைப்பியல் என்னும் தலைப்பின்கீழ் வைத்துப் பேசப்படுகின்றன. சப்பீர், புளூம்ஃபீல்டு ஆகியோரின் தொடர்ச்சியாக இவற்றின் ஆசிரியர்கள் காட்டப்படுகின்றனர். அது பிழையன்று. எனினும், இவர்கள் யாருக்குப் பாடம் நடத்தினர் என்ற வினா அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுகிறது.

கிளீசன் பணியாற்றியது கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு இறையியல் நிறுவனத்தில். அதன் அங்கமாகிய கென்னடி மறைப்பணிப் பள்ளி, அயல்நாடு செல்லும் மிஷனெரிகளைப் பயிற்றுவித்து வந்தது. பைக்கும் நைடாவும் ஆண்டுதோறும் கோடையில் மட்டும் கூடிய ஒரு பயிற்சி முகாமில் கற்பித்தனர். 'கோடைகால மொழியியல் நிறுவனம்' என்று பின்னாளில் பெயர் பெற்ற அம்முகாமின் மாணவர்கள் மொழியியலைத் தொழிலாகக் கொள்ள வந்தவர்கள் அல்லர். எழுத்து வடிவம் பெறாத மொழிகளில் விவிலியத்தைப் பெயர்க்கப் புறப்பட்டவர்கள். அவர்களுள் பலர் கணவன் மனைவியாகவும், சிலர் கைக்குழந்தையுடனும் வந்தனர். பயிற்சி முடிந்தபின் ஓர் ஊரில் பத்து, இருபது ஆண்டுகள் குடும்பமாகவே தங்கினர். இருபதாம் நூற்றாண்டின் கள மொழியியல் கணிசமான அளவுக்குக் குடும்ப உழைப்பின் விளைபொருள் என்பதும், பாடநூலாகப் பிற நாடுகளுக்குச் சென்றபோது அக்குடும்பம் அதிலிருந்து கழன்றுவிட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கோடை என்னும் காலம்

தமிழக மிஷன் வரலாற்றில் கோடை என்றதும் நினைவுக்கு வருவது கொடைக்கானல். சமவெளியின் வெப்பமும் நோயும் குடும்பங்களில் அடுத்தடுத்து உயிர்களைக் கொண்டுபோன நிலையில், அமெரிக்க மதுரை மிஷன் 1845-இல் அம்மலையில் தன் முதல் குடியிருப்புகளை அமைத்தது. மிஷனெரிப் பிள்ளைகளுக்கான பள்ளி 1901-இல் அங்கே தொடங்கப்பட்டது. கோடை அங்கே ஓய்வுக்குரிய பருவம். பிள்ளைகளைப் பெற்றோர் உடனிருந்து காணும் பருவமும் அதுவே.

மொழிப் பயிற்சி அக்காலத்தில் கடல் கடந்து வந்த பின்னரே தொடங்கியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவருக்குப் பின் வந்தோர் முன்ஷிகளிடம் கற்றனர். எழுத்தும் இலக்கணமும் நெடிய உரைமரபும் உடைய ஒரு மொழியை, அம்மொழிப் புலவர் ஒருவரிடம் கற்பது அம்முறை. மனைவியர் இதில் எவ்வளவு பங்கேற்றனர் என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. மிஷன் ஆவணங்கள் பெரும்பாலும் அவர்களைக் கணவரின் பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லாகவே பதிவு செய்கின்றன.

எழுத்தே இல்லாத மொழிக்கு இம்முறை பொருந்தாது. அங்கே முன்ஷி இல்லை, அரிச்சுவடி இல்லை. மொழியைக் கேட்டு, ஒலிகளைப் பிரித்து, எவ்வொலி பொருளை வேறுபடுத்துகிறது என்று தேர்ந்து, எழுத்தைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும். பைக்கின் 'ஒலியனியல்' நூலின் துணைத்தலைப்பே மொழிகளை எழுத்துக்குள் கொணரும் உத்தி என்ற பொருளில் அமைந்தது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தை முன்வைத்துப் பயிலும் தமிழ் மாணவருக்கு இத்துணைத்தலைப்பு சற்று வியப்பளிக்கக்கூடும். தோடர், கோத்தர், இருளர் மொழிகளை நினைக்கையில் அவ்வியப்பு நீங்கும்.

ஆர்கன்சாவின் பண்ணை வீடு

வில்லியம் கேமரன் டவுன்செண்ட் 1917-இல் ஸ்பானிய மொழி விவிலியங்களை விற்கும் இளைஞராகக் குவாத்தமாலா சென்றார். அங்குள்ள கக்சிக்கெல் மக்களுக்கு ஸ்பானியம் அயல்மொழி என்பதை விரைவில் உணர்ந்த அவர், அவர்களின் மொழியைக் கற்கத் தொடங்கினார். 1919-இல் எல்விராவை அங்கேயே மணந்தார். கக்சிக்கெல் புதிய ஏற்பாடு 1929-இல் நிறைவுற்று 1931-இல் அச்சாகி வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பில் அவர் கண்டறிந்த ஓர் உண்மை பின்னர் வந்த அனைத்துக்கும் அடிப்படையாயிற்று: கக்சிக்கெல் வினைச்சொல்லை இலத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள் அடைக்க இயலாது; அம்மொழியின் அமைப்பை அதன் உள்ளிருந்தே காண வேண்டும்.

இதைப் பிறருக்கும் கற்பிக்க எண்ணிய டவுன்செண்ட், எல். எல். லெக்டர்ஸுடன் இணைந்து 1934 கோடையில் ஆர்கன்சா மாநிலத்தில் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் அருகே ஒரு பண்ணையில் வகுப்பைத் தொடங்கினார். விவிலியத்தை ஆங்கிலத்தில் கொணர்ந்த ஜான் விக்லிஃபின் பெயரால் அது 'விக்லிஃப் முகாம்' எனப்பட்டது. அமர்வதற்கு நாற்காலி இல்லை. ஆணிகள் வந்த சிறு பீப்பாய்களே இருக்கைகள். மாணவர் இருவர். மறு ஆண்டு ஐவர் வந்தனர். அவர்களுள் ஒருவர் பைக். சீனாவுக்குச் செல்ல விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் அவர். 1936-இல் நைடா வந்து சேர்ந்தார்.

வெளிநாட்டுத் தளம் மெக்சிகோவாக அமைந்ததற்கு அரசியல் காரணம் உண்டு. புரட்சிக்குப் பிந்தைய மெக்சிகோ சமய நிறுவனங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதே அரசு பழங்குடி மக்களின் கல்வியில் ஆர்வமும் காட்டியது. கல்வித்துறையில் உயர்பொறுப்பு வகித்த மொய்செஸ் சாயென்ஸ் டவுன்செண்டுக்கு ஊக்கமளித்தார். பாதிரியாருக்கு மூடியிருந்த கதவு மொழியியலாளருக்குத் திறந்தது. இவ்விரட்டை அடையாளம் 1942-இல் அமைப்பு வடிவமே பெற்றது. தாய்நாட்டுத் திருச்சபைகளிடம் நிதியும் ஆளும் திரட்ட விக்லிஃப் விவிலிய மொழிபெயர்ப்பாளர் என்ற அமைப்பும், அரசுகளோடும் பல்கலைக்கழகங்களோடும் ஒப்பந்தம் செய்யக் கோடைகால மொழியியல் நிறுவனமும் தனித்தனியே பதிவாயின. உறுப்பினர் இரண்டிலும் அவர்களே.

டவுன்செண்ட் மெக்சிகோவில் குடியேறிய முறையும் கருதத்தக்கது. மொரேலோஸ் மாநிலத்து டெட்டல்சிங்கோ என்னும் நாவாட்டில் பேசும் சிற்றூரின் நடுச்சதுக்கத்தில், வண்டியோடு இணைத்து இழுத்துவரும் வீட்டை நிறுத்தி, நோயுற்ற எல்விராவுடனும் மருமகள் முறையுள்ள எவலின் கிரிசெட்டுடனும் அவர் வாழ்ந்தார். காய்கறித் தோட்டம் போட்டார். குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் 1936 ஜனவரியில் அவ்வூருக்கு வந்து இவ்வேலையைக் கண்டு ஆதரவளித்தார். எவலின் 1938-இல் பைக்கை மணந்தார். நாற்பதாண்டு கழித்து, 1977-இல், 'இலக்கணப் பகுப்பாய்வு' என்ற விரிவான பாடநூலில் இருவர் பெயரும் ஆசிரியர்களாக இடம்பெற்றன.

ஒரே வகுப்பறை

1942 முதல் முகாம் நார்மன் நகரிலுள்ள ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. 1952-இல் வட டகோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு கிளை தொடங்கிற்று. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 1950-களில் இத்தகைய பள்ளிகள் தோன்றின. கோடை விடுமுறையில் பல்கலைக்கழக விடுதிகள் காலியாக இருக்கும்; குறைந்த செலவில் குடும்பங்களைத் தங்கவைக்க இயலும். கோடையைத் தேர்ந்ததன் நடைமுறைப் பொருள் இதுவே.

பாடங்கள் ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல் என விரிந்தன. ஒலியியல் வகுப்பில் மாணவர் தம் வாயையே ஆய்வுக்கருவியாகப் பழக்கினர். ஆங்கிலத்தில் சொல்முதல் வல்லினம் மூச்சோடு ஒலிக்கும். மூச்சின்றி ஒலிக்க, உதட்டின்முன் மெல்லிய தாளைப் பிடித்து அது அசையாதவாறு பழக வேண்டும். 'பல்', 'கல்' என்று பிறந்தது முதல் சொல்லிவரும் தமிழர்க்கு இது பயிற்சியே அன்று. உட்குத்து ஒலிகள், குரல்வளை ஒலிகள், நாக்கொட்டு ஒலிகள், தொனி வேறுபாடுகள் என்று பட்டியல் நீளும். கோடை முடிவதற்குள் உலகின் எம்மொழி ஒலியையும் ஏறக்குறைய எழுதிக்காட்டும் காதும் கையும் மாணவர்க்கு வாய்க்க வேண்டும் என்பது குறிக்கோள்.

பைக்கின் ஒருமொழிவழிச் செயல்விளக்கம் இப்பள்ளியின் புகழ்பெற்ற காட்சி. தமக்கு முற்றிலும் தெரியாத மொழியைப் பேசும் ஒருவரை மேடைக்கு அழைப்பார். பொதுமொழி எதையும் கையாளமாட்டார். ஆங்கிலச் சொல் வாய் தவறியும் வந்துவிடாதிருக்கத் தாம் அறிந்த மிக்ஸ்டெக் மொழியிலேயே பேசுவார். இலை, குச்சி போன்றவற்றைக் காட்டி, எடுத்து, கீழே போட்டு, அவர் சொல்வதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போவார். ஒரு மணி நேரத்துக்குள் அம்மொழியின் ஒலியமைப்பு, சொல்லொழுங்கு, வேற்றுமைக் குறிகள் குறித்துச் சில முடிவுகள் பலகையில் இருக்கும். மேடையில் இது தனியொருவரின் திறமையாகத் தோன்றியது. களத்தில் அதே வேலை அடுப்பங்கரையிலும் ஆற்றங்கரையிலும் சந்தையிலும் நடந்தது. அங்கே அதைச் செய்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள் என்று கொண்டாலும் வியப்பதற்கில்லை. மணமானவர் இணையராகச் சென்றனர். அவர்களோடு மணமாகாத பெண்களும் இருவர் இருவராகச் சென்றனர்.

1936-இல் பைக்கின் தங்கை யூனிஸ் பைக்கும் ஃபுளோரன்ஸ் ஹேன்சனும் வாஹாகா மாநிலத்து மலையூராகிய வாவுட்லாவுக்கு மசடெக் மொழி கற்கச் சென்றனர். துணையில்லாத இளம்பெண்கள் அத்தகைய ஊரில் தங்குவது தகுமா என்ற ஐயம் அமைப்புக்குள்ளேயே எழுந்தது, டவுன்செண்ட் அனுமதித்தார். அவ்வனுமதியின் அறிவுப் பயன் பெரிது. மசடெக் நான்கு தொனி நிலைகளை உடைய மொழி. அதன் அசையமைப்பைக் குறித்துக் கென்னத் பைக்கும் யூனிஸ் பைக்கும் இணைந்து 1947-இல் வெளியிட்ட கட்டுரை, அசையின் உள்ளுறுப்புகள் பற்றிய ஆய்வில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மறு ஆண்டு வெளிவந்த 'தொனிமொழிகள்' நூலும் மசடெக், மிக்ஸ்டெக் தரவுகளின்மீது எழுப்பப்பட்டது. ஃபுளோரன்ஸ் பின்னர் ஜார்ஜ் கோவனை மணந்தார். கோவன் 1948-இல் மசடெக் சீழ்க்கைமொழியைப் பற்றி எழுதினார். அம்மலைகளில் ஆடவர் சொற்களின் தொனியைச் சீழ்க்கையில் இட்டே முழு உரையாடல் நடத்துவர். பெண்கள் அதைப் புரிந்துகொள்வர், ஆனால் வழக்கமாகத் தாம் சீழ்க்கை அடிப்பதில்லை. ஓர் இனத்தின் ஆடவர் பேச்சுக்கும் பெண்டிர் பேச்சுக்கும் இடையே இத்தகைய வரம்பு உண்டெனில், தனித்து வரும் ஆடவர் திரட்டும் தரவு பாதித் தரவாகவே இருக்கும்.

அதே மசடெக் மொழியில் பணியாற்றிய சாரா குட்ஷின்ஸ்கி சொற்புள்ளியியல் முறையை எளிமையாக விளக்கி 1956-இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் மாணவர் கையேடாயிற்று. வெல்மா பிக்கெட் பென்ஜமின் எல்சனுடன் இணைந்து 1962-இல் உருபனியல், தொடரியல் அறிமுகநூலை எழுதினார். பெண்ணுக்குப் பல்கலைக்கழகத் துறைகளில் ஆசிரியப் பணி அரிதாயிருந்த காலத்தில், பழமையான இறையியல் நோக்குடைய ஓர் அமைப்பு அவர்களுக்கு ஒலியியலும் களமும் அச்சேறும் வாய்ப்பும் அளித்தது. முரணாகத் தோன்றும் இவ்வுண்மையை அமெரிக்க மொழியியல் வரலாறுகள் போதிய அளவு எடைபோடவில்லை.

காட்டு முகாம்

கோடைப் பள்ளியில் ஒலியும் உருபும் கற்றோர்க்கு அடுத்த கட்டம் அயல்நாட்டில் இருந்தது. 1945-இல் பெரு அரசுடன் ஒப்பந்தம் ஏற்பட்டபோது அமேசான் காட்டில் வாழும் பயிற்சி தேவைப்பட்டது. அவ்வாண்டு முதல் தென்மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்தில், செல்டால் மக்கள் வாழும் பகுதியில் காட்டு முகாம் நடத்தப்பட்டது.

முகாம் இரு நிலைகளாக அமைந்தது. தலைமை முகாமில் மண்சுவர் வீடுகளில் தங்கி, முதலுதவி, ஊசி போடுதல், பரிசல் செலுத்துதல், விலங்கை அறுத்துச் சமைத்தல், நெடுநடை ஆகியவற்றைக் கற்றனர். பின்னர் காட்டுக்குள் மேலும் சென்று முன்னணி முகாமில் ஒவ்வொரு குடும்பமும் கழிகளும் ஓலைகளும் கொண்டு தன் குடிசையைத் தானே கட்டி, மண்ணடுப்பு அமைத்து, சில வாரங்கள் வாழ்ந்தாக வேண்டும். குறைந்த பொருள்களுடன் காட்டில் தனித்து இரவைக் கழிக்கும் தேர்வும் உண்டு. பெண்கள் இப்பயிற்சிகளிலிருந்து விலக்கப்படவில்லை. குழந்தை உள்ள குடும்பங்களும் வந்தன. மண்ணடுப்பில் பால் காய்ச்சுவதும் ஈரவிறகில் தீ மூட்டுவதும் அக்குடும்பங்களுக்குத் தேர்வின் பகுதிகளே.

இம்முகாமை வீரசாகசமாகக் காட்டும் எழுத்துகள் மிகுதி. அதன் உண்மையான பணி வேறு என்று கருத இடமுண்டு. ஒரு குடும்பம் தொலைவூரில் நிலைக்குமா என்பதை அமைப்பு இங்கேதான் கண்டறிந்தது. மொழிபெயர்ப்புப் பணி இருபதாண்டு நீளக்கூடியது. மூன்றாம் ஆண்டில் இல்லறம் முறிந்தால் அதுவரை திரட்டிய அகராதியும் இலக்கணமும் பெட்டிக்குள் உறங்கும். ஒலியியல் தேர்வில் முதன்மை பெற்றவர் காட்டில் தோற்கலாம். வகுப்பில் பின்தங்கியவர் இங்கே உறுதியோடு நிற்கலாம்.

திட்டமிட்டபடி குடும்பம் அமையாத வாழ்வுகளும் உண்டு. மரியானா ஸ்லோகமும் பில் பென்ட்லியும் செல்டால் மக்களிடையே இணைந்து பணியாற்ற எண்ணியிருந்தனர். 1941-இல், திருமணத்துக்குச் சில நாள்கள் இருக்கையில், பென்ட்லி இறந்தார். அவர் தொடங்கிய பணிக்கு ஸ்லோகம் தனியே சென்றார். பின்னர் செவிலியராகிய ஃபுளோரன்ஸ் கெர்டல் அவருடன் சேர்ந்தார். செல்டால் புதிய ஏற்பாடு அவ்விருவரின் பெயரோடு இணைந்தது. ஒருவர் மொழியையும் மற்றவர் மருத்துவத்தையும் கவனித்த அவ்வேற்பாடு, இணையர் குடும்பத்தின் உழைப்புப் பங்கீட்டையே வேறு வடிவில் நிகழ்த்தியது.

எவரெட் குடும்பம்

இப்பயிற்சியின் விளைவுகளை ஒரு குடும்பத்தின் வழியே காண, டேனியல் எவரெட் 2008-இல் எழுதிய தன்வரலாற்று நூல் உதவுகிறது. நூலின் பெரும்பகுதியை மொழியியலார் பிரஹா மொழிபற்றிய விவாதத்துக்காகவே படிக்கின்றனர். அதனுள் ஒரு குடும்ப வரலாறும் கிடக்கிறது.

எவரெட்டின் மனைவி கெரன் பிரேசிலில், சாத்தரே-மாவே மக்களிடையே பணியாற்றிய மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்தவர். காட்டு வாழ்க்கை அவருக்குக் குழந்தைப் பருவ அனுபவம். கணவருக்கு அது பயிற்சியில் கற்ற பாடம். சிகாகோவின் மூடி விவிலிய நிறுவனத்தில் கல்வி முடித்த எவரெட்டும் கெரனும் 1976-இல் கோடைகால மொழியியல் நிறுவனத்தில் சேர்ந்தனர். சியாப்பாஸில் நான்கு மாதக் காட்டுப் பயிற்சியும், மூன்று பருவங்கள் மொழிப் பகுப்பாய்வு, மொழிபெயர்ப்புக் கொள்கை முதலிய பாடங்களும் முடித்து, 1977-இல் மூன்று குழந்தைகளுடன் பிரேசில் சென்றனர். போர்த்துக்கீசியம் கற்றபின் அமேசான் பகுதியின் மைசி ஆற்றங்கரைக்குக் குடியேறினர்.

அங்கே கெரனும் மூத்த மகளும் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். அதை டைபாய்டு என்று எவரெட் எண்ணினார். உண்மையில் அது மலேரியா. ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் பயின்றிருந்தும் நோயை இனங்காண இயலவில்லை. நாள்கணக்கில் ஆற்றிலும் தரையிலும் பயணம் செய்து மருத்துவமனை சேர்ந்தபோது இருவரும் சாவின் விளிம்பில் இருந்தனர்; பிழைத்தனர். காட்டு முகாமின் எல்லை எது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிவிடுகிறது. மீண்ட பின்னர் குடும்பம் அதே ஊருக்குத் திரும்பியது. அந்தத் திரும்புதலைக் கெரனின் பிறப்பு வளர்ப்பை விட்டுவிட்டு விளங்கிக்கொள்ள இயலாது.

எவரெட் 1983-இல் காம்பினாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிரஹா மொழியில் எண்ணுப்பெயர் இல்லை, தொடருக்குள் தொடர் பொதியும் மீளமைவு இல்லை என்று அவர் 2005-இல் வெளியிட்ட கட்டுரை சாம்ஸ்கியக் கோட்பாட்டாளரோடு நெடிய வாதத்தைத் தோற்றுவித்தது. 2009-இல் நெவின்ஸ், பெசெட்ஸ்கி, ரோட்ரிகஸ் ஆகிய மூவர் அதை மறுத்து எழுதினர். வாதம் முழுவதும் ஒருவரின் பெயரால் நடந்தது. பிரஹா மொழியை நன்கு பேசும் அயலாருள் ஒருவர் என்று அறியப்பட்ட கெரன், அம்மொழியின் உயிர்நிலை அதன் இசைத்தன்மையில், உரையின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது என்று கருதினார். சீழ்க்கையாகவும் முணுமுணுப்பாகவும் பாட்டாகவும் பேசப்படும் ஒரு மொழியில் அக்கருத்து தனி ஆய்வுக்கு உரியது. தொடரியல் பூசலில் அதற்கு உரிய இடம் கிட்டவில்லை.

எவரெட் தம் சமய நம்பிக்கையை 1980-களில் இழந்தார், நெடுங்காலம் அதை மறைத்து வாழ்ந்து பின்னர் வெளிப்படுத்தினார், இல்லறம் முறிந்தது. கெரன் நம்பிக்கையிலும் பணியிலும் தொடர்ந்தார். மகன் கேலப் எவரெட் மானிடவியல் சார்ந்த மொழியியலாளராகி, எண்ணுப்பெயர்கள் மனித வாழ்வை எவ்வாறு மாற்றின என்பது குறித்து 2017-இல் நூலொன்று எழுதினார். எண் இல்லாத மொழியைக் குழந்தையாகக் கேட்டு வளர்ந்தவர் அத்தலைப்பைத் தேர்ந்தது தற்செயல் ஆகாது.

பிள்ளைகளும் குற்றச்சாட்டுகளும்

பிள்ளைகள் நிலை எல்லாக் குடும்பங்களிலும் இவ்வாறு அமையவில்லை. பள்ளி வயது வந்ததும் தளமுகாம்களில் நடத்தப்பட்ட பள்ளிகளில் அவர்கள் சேர்க்கப்பட்டனர். பெருவின் யாரினகோச்சா, கொலம்பியாவின் லோமாலிண்டா, பாப்புவா நியூகினியின் உகரும்பா ஆகியன ஆங்கிலப் பள்ளி, அச்சகம், விமானத்தளம் எல்லாம் கொண்ட சிற்றூர்களாக வளர்ந்தன. பெற்றோர் கிராமத்திலும் பிள்ளைகள் தளமுகாம் விடுதியிலுமாகப் பிரிந்திருந்த மாதங்கள் உண்டு. கொடைக்கானலின் பழைய ஏற்பாடு வேறு கண்டத்தில் மீண்டும் தோன்றியதாகவே கொள்ளலாம். கிராமத்தில் குடும்பம் என்ற கொள்கைக்கும் பிள்ளையின் கல்விக்கும் இடையிலான இழுபறி ஒருநாளும் தீரவில்லை.

இத்தளமுகாம்களே கடுமையான விமரிசனத்துக்கும் உள்ளாயின. 1971-இல் மானிடவியலாளர் சிலர் கூடி வெளியிட்ட பார்படோஸ் பிரகடனம், பழங்குடியினரிடையே மறைப்பணியை நிறுத்துமாறு கோரியது. மொழியியல் என்ற போர்வையில் சமயமாற்றமும் அமெரிக்கச் செல்வாக்கும் புகுகின்றன என்ற குற்றச்சாட்டை டேவிட் ஸ்டோல் 1982-இல் விரிவாக ஆராய்ந்தார். நேபாளத்தில் 1966-இல் தொடங்கிய பணி பத்தாண்டில் முடிவுக்கு வந்தது. மெக்சிகோ அரசு 1979-இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 1981-இல் கொலம்பியாவின் கொரில்லா இயக்கமொன்று செஸ்டர் பிட்டர்மன் என்ற இளைஞரைக் கடத்தியது. அமைப்பு நாட்டைவிட்டு வெளியேறவில்லை என்பதால் அவரைக் கொன்றது. அவருக்கு மனைவியும் இரு பெண்குழந்தைகளும் இருந்தனர்.

இக்குற்றச்சாட்டுகளை ஒதுக்கிவிட இயலாது. இரட்டை அடையாளம் தொடக்கத்திலேயே தெரிந்தெடுக்கப்பட்ட ஒன்று. அதன் விலையும் அவ்வழியே வந்தது. அதேவேளை, பேரரசின் கருவி என்ற ஒற்றைச் சொல் மசடெக் தொனியையும் செல்டால் அகராதியையும் விளக்காது. இன்று அம்மொழி பேசுவோரே தம் மொழிக்கல்விக்கு அத்தரவுகளை எடுத்தாளும்போது, உழைப்பின் தன்மையையும் அதன் நோக்கத்தையும் வேறுவேறாக வைத்து எடைபோடும் கடமை வரலாற்றாய்வுக்கு உண்டு.

தமிழ் மொழியியலுக்கு வந்தது

பூனா தக்காணக் கல்லூரியில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு எஸ். எம். கத்ரே 1954 முதல் நடத்திய மொழியியல் திட்டத்தின்கீழ்க் கோடைப் பள்ளிகள் கூடின. இந்தியப் பல்கலைக்கழகங்களின் இளம் ஆசிரியர்கள், தமிழ் ஆசிரியர்கள் உட்பட, அங்கே விளக்க மொழியியல் கற்றனர். கோடை விடுமுறை, காலியான விடுதி, செறிந்த பயிற்சி, தகவலாளியோடு நேரடி வகுப்பு ஆகிய அமைப்புக்கூறுகள் அமெரிக்கக் கோடைப் பள்ளிகளின் பொதுமரபைச் சார்ந்தவை. பாடநூல்களும் அங்கிருந்தே வந்தன. சமய நோக்கம் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. குடும்பமும் வரவில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை உள்ளிட்ட துறைகள் பின்னர் கிளைமொழிகளுக்கும் பழங்குடி மொழிகளுக்கும் வருணனை இலக்கணங்களை வரிசையாக வெளியிட்டன. இவ்வுழைப்பின் தரம் உயர்ந்தது. களத்தில் தங்கும் காலம் மட்டும் வேறாயிற்று. பல்கலைக்கழக விடுப்பு, பயணப்படி, முனைவர் பட்டக் கெடு ஆகியவற்றுக்குள் அடங்கிய களப்பணி பெரும்பாலும் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அமைந்தது. ஒலியனியலும் உருபனியலும் அக்கால அளவுக்குள் இயலும். குழந்தை மொழி, பெண்கள் பேச்சு, தாலாட்டும் ஒப்பாரியும் வழங்கும் சூழல், வசவுகளும் கேலியும் ஆகியவை அக்கால அளவுக்குள் கைவருவது அரிது. விளக்க இலக்கணங்களில் ஒலியியல் இயலும் பெயரியலும் வினையியலும் செறிவாகவும், தொடரியலும் உரையாடலும் மெலிந்தும் இருப்பதற்கு அமைப்பியலின் கோட்பாட்டுச் சாய்வு ஒரு காரணம் என்று கூறப்படுவதுண்டு. களத்தில் தங்கும் காலமும், அங்கே யாருடைய வீட்டுக்குள் யார் நுழைய முடிந்தது என்பதும் அதற்கு நிகரான காரணங்கள்.

இதனோடு தொடர்புடைய வேறொரு செய்தியும் உண்டு. திராவிட மொழிகள் எப்போது பிரிந்தன என்று கணிக்கச் சொற்புள்ளியியல் முறை கையாளப்பட்டது, எம். ஆன்ட்ரனோவ் 1964-இல் அதைக் கொண்டு மூலத்திராவிடத்தின் பிரிவுகளுக்குக் காலம் குறித்தார். அம்முறை அங்கு மொரிஸ் ஸ்வாதேஷின் பெயரோடு வழங்குகிறது, அது முறையே. அடிப்படைச் சொற்பட்டியலை எவ்வாறு நிரப்புவது, ஒப்புச்சொல்லை எவ்வாறு எண்ணுவது என்று படிப்படியாக மாணவர்க்கு எடுத்துச் சொன்ன கட்டுரை சாரா குட்ஷின்ஸ்கியுடையது. எடுத்துக்காட்டுகளுக்கு அவர் தம் களத்து மசடெக் சொற்களையே அடிப்படையாகக் கொண்டார்.